எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு வருஷம்கூடத் தாங்கலை: தப்பு எங்கே?

#1 சோளகம்

மர விசைப்படகு, 48 அடி, வெளியே ஃபைபர் ஷீட் ஒட்டினது. போன மீன்பிடித் தடைக்காலத்தில் மாட்டின சாமான்கள் இந்தத் தடைக்காலத்துக்குள்ள இப்படி ஆகிடுச்சு:

எக்கோ சவுண்டர் (சத்தம் அனுப்பி ஆழம் காட்டுற கருவி) யு-பிராக்கெட்டின் ரெண்டு பக்க நாபும் (கையால் திருகுற குமிழ்) விரிசல். நடுவில் இருக்கிற பித்தளைக் குழலைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கோடு ஓடுது.

ஜிபிஎஸ் காளான் ஆன்டெனாவோட அடி, மரை இருக்கிற இடத்தில் நீளவாக்கில் பிளந்திருக்கு.

டிஸ்ப்ளேயில் முடி மாதிரி வெள்ளைக் கீறல். தொட்டா தெரியலை, உள்ளே இருக்கிற மாதிரி இருக்கு.

பவர் கேபிளைப் பெட்டியோட இறுக்குற காலர் (மரை போட்ட வளையம்) சுத்தவே மாட்டேங்குது.

வித்த கடையில் “பிளாஸ்டிக்னா அப்படித்தான் தம்பி”ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. தடை முடியுற ஜூன் 14-க்குள்ள சரி பண்ணணும். அதே சாமானைத் திரும்ப வாங்கி மாட்டுறதா, இல்ல ஸ்டீலுக்கு மாறிடுறதா?

#2 கொண்டல்

வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி. நாபில் ஏதாவது திரவம் விட்டீங்களா? ஆன்டெனா எந்தக் கம்பத்தில் நிக்குது, அந்த மரை எங்கிருந்து வந்தது? ஸ்கிரீனை எதால் துடைக்கிறீங்க? காலரில் பிளையர் வெச்சீங்களா?

#3 சோளகம்

1. எஞ்சின் அதிர்வில் நாப் லூசாகுதுன்னு மரையை இறுக்கிப் பிடிக்கிற ப்ளூ கலர் த்ரெட் லாக் திரவம் விட்டோம்.
2. ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப், மேலே ரெடியூசர், அதில் பிளம்பிங் கடை பி.வி.சி. எம்.டி.ஏ. (வெளி மரை போட்ட பைப் இணைப்பு). ஆன்டெனா மரையில் ஏறுச்சு, ஆனா டைட்டா இருந்தது.
3. கண்ணாடி துடைக்கிற நீல லிக்விட். படகுக்குப் பெயின்ட் அடிச்சப்போ தெறிச்ச சொட்டுக்கு ஒரு தடவை தின்னர்.
4. இன்னும் வைக்கலை. வைக்கலாம்னு இருந்தேன்.

#4 கொண்டல்

காலரில் பிளையர் வைக்காதீங்க. மத்த மூணுக்கும் உங்க பதிலிலேயே விடை வந்துடுச்சு. நாபைப் பத்தி நான் சொல்றேன், ஆன்டெனா மரையைப் பத்தி நம்ம வெர்னியர் வந்து சொல்லட்டும்.

த்ரெட் லாக் திரவம் காத்து படாத இடத்தில், உலோகத்தோட தொட்டாத்தான் இறுகும். போல்ட்டுக்கும் பித்தளைக் குழலுக்கும் நடுவில் இறுகிடும். ஓரத்தில் வழிஞ்சு பிளாஸ்டிக் மேல் நின்ன சொட்டுக்கு அந்த ரெண்டுமே கிடைக்காது. அது நாள்கணக்கில் திரவமாவே இருக்கும். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அக்ரிலிக் மூணு பிளாஸ்டிக்கும் இந்தத் திரவம் பட்டா விரியுற சாதி.

படுறது மட்டும் காரணம் இல்லை. பித்தளைக் குழலை அச்சிலேயே வெச்சு பிளாஸ்டிக்கை ஊத்துறாங்க. ஆறும்போது பிளாஸ்டிக் பித்தளையைவிட அதிகம் சுருங்கும், அதனால் குழலைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு இழுவிசை நிரந்தரமா இருக்கும். அதுக்கு மேல நாம கை பலத்தை வெச்சு முறுக்குறோம். இழுத்துப் பிடிச்ச பிளாஸ்டிக்கில் ரசாயனம் பட்டா விரிசல் குழலில் தொடங்கி வெளியே ஓடும். நீங்க சொன்ன நட்சத்திரம் அதுதான். வெயிலில் செத்த பிளாஸ்டிக் இப்படி விரியாது. அது முதலில் மஞ்சளாகும், தேய்ச்சா வெள்ளை மாவு வரும், அப்புறம் மேல்தோல் முழுக்க சிலந்தி வலை மாதிரி வெடிக்கும்.

மாத்தும்போது செய்ய வேண்டியது:

பழைய போல்ட்டை அளங்க. எம்6-க்கு (6 மி.மீ. போல்ட்) பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.0 மி.மீ., எம்5-க்கு 0.8. சில செட்டில் கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை வரும். அதன் விட்டம் 6.35, பிட்ச் 1.27. எம்6-ன்னு நினைச்சு அதில் ஏத்தினா மரை போயிடும்.

புது நாபுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் 2 மி.மீ. நியோப்ரீன் வாஷர் ஒண்ணு, அதுக்கு மேல அகலமான எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 வாஷர் ஒண்ணு. லூசாகாம நிறுத்துறது அந்த ரப்பரின் அழுத்தம்தான், கை பலம் இல்லை. விரலால் இறுக்கி ரப்பர் லேசா பிதுங்கினதும் நிறுத்திடுங்க.

அப்பவும் லூசாகுதுன்னா நாபையே விட்டுட்டு எஸ்.எஸ். போல்ட், பின்னாடி நைலாக் நட்டு. அதிலிருக்கிற நைலான் வளையம் மரையைக் கவ்விக்கும், திரவமே வேண்டாம்.

#5 பழையடெக்

பத்து வருஷமா எல்லா பிராக்கெட்லயும் அதே ப்ளூ திரவம்தான் விடுறோம். ஒண்ணும் ஆகலை. சும்மா பயமுறுத்தாதீங்க.

#6 கொண்டல்

அண்ணே, ஆகாத பிளாஸ்டிக்கும் இருக்கு. கண்ணாடி இழை கலந்த நைலான், அசிட்டால், பாலிஎத்திலீன் எல்லாம் இந்தத் திரவத்தைச் சட்டை பண்ணாது. உங்க பிராக்கெட் கறுப்பா, கொஞ்சம் சொரசொரப்பா, கனமா இருந்தா அது நைலானா இருக்கலாம். பாகத்தின் உள்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவில் எழுத்து அச்சாகியிருக்கும்: ஏ.பி.எஸ்., பி.சி. (பாலிகார்பனேட்), பி.ஏ.66-ஜி.எஃப்.30, பி.ஓ.எம்., இப்படி. முதல் ரெண்டில் எது இருந்தாலும் திரவம் கூடாது. பி.ஏ. என்றால் நைலான், ஜி.எஃப்.30 என்றால் நூத்துக்கு முப்பது பங்கு கண்ணாடி இழை. பி.ஓ.எம். என்றால் அசிட்டால், கடையில் டெல்ரின்னு கேட்டா தருவாங்க.

எழுத்து இல்லைன்னா, வெளியே தெரியாத மூலையில் பஞ்சில் அசிட்டோன் தொட்டு அரை நிமிஷம் வைங்க. ஏ.பி.எஸ். பிசுபிசுன்னு ஒட்டும். பாலிகார்பனேட் வெள்ளையா பூத்துப் போகும். நைலான், அசிட்டால் அப்படியே இருக்கும். ஸ்கிரீனில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

#7 வெர்னியர்

ஆன்டெனா மரை. இதைப் பல படகுகளில் ஒரே மாதிரி தப்பு பண்றாங்க, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

கடல் ஆன்டெனா அடியில் இருக்கிறது ஒரு இஞ்ச், இஞ்சுக்கு 14 மரை. வெளி விட்டம் 25.4 மி.மீ. நம்ம பிளம்பிங் மரை பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை). அதில் “ஒரு இஞ்ச்”னு கேட்டு வாங்கினா வெளி விட்டம் 33.2 மி.மீ., இஞ்சுக்கு 11 மரை. அது வாயிலேயே நுழையாது, அதனால் யாரும் ஏமாற மாட்டாங்க.

ஏமாத்துறது முக்கால் இஞ்ச். முக்கால் பி.எஸ்.பி.க்கும் இஞ்சுக்கு 14 மரைதான். வெளி விட்டம் மட்டும் 26.4 மி.மீ. பிட்ச் ஒண்ணா இருக்கிறதால் முதல் ஒரு சுத்து அழகா ஏறும், “டைட்டா இருக்கு, நல்லதுதான்”னு தோணும். உண்மையில் ஒரு மில்லிமீட்டர் பெரிய ஆப்பை பிளாஸ்டிக் வாய்க்குள்ள அடிக்கிறோம். மரையின் கோணமும் வேற: பி.எஸ்.பி. 55 டிகிரி, ஆன்டெனா மரை 60. ஆப்பு அடிச்சா மரம் எப்படிப் பிளக்குமோ அப்படித்தான் நீளவாக்கில் பிளக்கும். அதுவும் அன்னைக்கே பிளக்காது. மதிய வெயிலில் சூடேறி, ராத்திரி குளிர்ந்து, சில மாசம் கழிச்சு ஒரு நாள் தண்ணி உள்ளே போயிருக்கும்.

உங்க எம்.டி.ஏ.வை வெர்னியர் காலிப்பரில் அளந்து சொல்லுங்க.

மாத்து வழி: ஒரு இஞ்ச் 14 மரைன்னே விக்கிற எஸ்.எஸ். அல்லது நைலான் ஆன்டெனா மவுண்ட். கிடைக்கலைன்னா லேத்தில் எஸ்.எஸ். ராடைக் கடைஞ்சு அந்த மரை போடச் சொல்லுங்க. கேபிள் போக நடுவில் துளை. டெஃப்ளான் டேப் சுத்தாதீங்க, அதுவும் சின்ன ஆப்புதான். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ், கையால் இறுக்கம், அவ்வளவு போதும்.

#8 சோளகம்

நாளைக்கு அளந்துடுறேன். இன்னொண்ணு: இந்தத் தடவை எக்கோ சவுண்டரோட டிரான்ஸ்டியூசரை (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி வாங்குற தலை) அடியில் துளை போட்டு மாட்டப் போறோம். அதுக்கு பிளாஸ்டிக் ஹவுஸிங் (கூடு) ஒண்ணு பேசி வெச்சாச்சு, வெண்கலத்தைவிட விலை நல்லா குறையுது. சீலன்ட் எது போடலாம்?

#9 ஏரா

நிறுத்துங்க. மரப் படகில் பிளாஸ்டிக் த்ரூ-ஹல் (ஹல், அதாவது படகின் உடம்பைத் துளைச்சு மாட்டுறது) போடவே கூடாது.

மரம் தண்ணி குடிச்சு ஊதும். துளையின் சுவர் ஹவுஸிங்கை நெருக்கும், பலகையின் தடிமனும் கூடி நட்டை இழுக்கும். பிளாஸ்டிக் கழுத்து அங்கே உடைஞ்சா, உடையுற இடம் நீர்க்கோட்டுக்குக் கீழே. டிரான்ஸ்டியூசர் செய்யுறவங்களே மரத்துக்கு வெண்கலம்னுதான் எழுதித் தர்றாங்க. வெளியே ஃபைபர் ஒட்டியிருக்கேன்னு கேப்பீங்க. துளை போட்ட நிமிஷமே உள்மரம் திறந்துடுது.

முழு ஃபைபர் படகுக்கு பிளாஸ்டிக்கோ வெண்கலமோ ரெண்டும் ஓகே. இரும்பு, அலுமினியப் படகுக்கு வெண்கலம் கூடாது, ரெண்டு உலோகமும் கடல்தண்ணியில் சண்டை போட்டு ஹல்லை அரிக்கும். அங்கேதான் பிளாஸ்டிக் சரியான தேர்வு.

உங்க படகுக்கு: வெண்கல ஹவுஸிங். துளையின் உள்சுவரை நல்லா காயவிட்டு எபாக்சி ரெண்டு கோட், உள்ளே மரம் எங்கேயும் தெரியக் கூடாது. கடல் வேலைக்கான பாலியூரிதேன் சீலன்ட் ஃபிளாஞ்சிலும் (வெளி விளிம்பு) கழுத்திலும். நட்டை இப்போ அளவா இறுக்குங்க. படகு தண்ணியில் இறங்கி மரம் ஊதி முடிச்ச பிறகு கடைசி இறுக்கம். இறங்கின அன்னைக்கும் மறுநாளும் உள்ளே கையை வெச்சுப் பாருங்க.

அடிக்குப் பெயின்ட் அடிக்கும்போது டிரான்ஸ்டியூசர் முகத்தில் தண்ணி கலந்த ஆன்டிஃபவுலிங் (பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கிற பெயின்ட்) மட்டும், மெல்லிசா. கீட்டோன் கரைப்பான் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக் முகத்தைத் தின்னுடும். பெயின்டர் தெரியாம உருட்டிட்டுப் போயிடுவார், அதனால் மாஸ்கிங் டேப் ஒட்டி வெச்சுடுங்க.

#10 பழையடெக்

இது சரியான பேச்சு. மரத்தில் பிளாஸ்டிக் போட்டுட்டு எம்-சீல் வெச்சு அடைக்கிறவங்களை நிறைய பாத்தாச்சு.

சீலன்ட்டில் இன்னொண்ணு சேத்துக்கோங்க. பாலிசல்ஃபைடு டியூப் மரத்துக்கு அருமை, ஆனா ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பி.வி.சி. மேல் பட்டா அரிக்கும். வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் இருக்கே, அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். பக்கத்தில் இருக்கிற செம்பு ஒயர் பச்சை பூக்கும். எலக்ட்ரானிக் பெட்டிப் பக்கம் அதைக் கொண்டு போகாதீங்க, நியூட்ரல் க்யூர்னு எழுதியிருக்கிறதைப் பாத்து வாங்குங்க.

#11 கச்சான்_மன்னார்

அண்ணாமார், எங்கட பக்கம் 18 அடி ஃபைபர் படகு, அவுட்போர்ட் எஞ்சின். டிரான்ஸ்டியூசர் பின்பலகையில பிளாஸ்டிக் பிராக்கெட்டில இருக்கு. கரையில ஏத்தேக்க மணல் இழுத்து பிராக்கெட்டின்ட காது உடையுது. ரெண்டு முறை மாத்தியாச்சு. இரும்பில செய்து போட்டால் நிக்குமோ?

#12 ஏரா

நிக்கும், ஆனா அடுத்த தடவை டிரான்ஸ்டியூசரே உடையும். அந்தக் காது உடையுறது ஒரு வகையில் ஃப்யூஸ் மாதிரி. பிராக்கெட் மலிவு, டிரான்ஸ்டியூசர் தலைதான் விலை அதிகம்.

ரெண்டு வழி. முதல் வழி, மேலே மடங்குற கிக்-அப் பிராக்கெட். மடிப்பு ஸ்க்ரூவைக் கை விரலால் தள்ளினா மடங்குற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. பலர் முழுசா இறுக்கிட்டு மடங்கலைன்னு சொல்றாங்க. அலை உடையுற இடத்துக்கு முன்னாடியே கையால் தூக்கி விட்டுடணும். பிராக்கெட்டை நேரா ஹல்லில் ஸ்க்ரூ பண்ணாம 12 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன்) பலகை ஒண்ணை வெச்சு அதில் மாட்டினா, அடுத்த தடவை இடம் மாத்த ஹல்லில் புதுத் துளை வேண்டாம். எச்.டி.பி.இ.யில் எந்தப் பசையும் ஒட்டாது, ஸ்க்ரூ மட்டும்தான்.

ரெண்டாவது வழி, கரை ஏத்துற படகுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: டிரான்ஸ்டியூசரை உள்ளே வெச்சு ஹல் வழியாகவே சத்தம் அனுப்புறது. வெளியே உடைய ஒண்ணும் இருக்காது. நிபந்தனை: அந்த இடத்தில் அடி முழு ஃபைபரா இருக்கணும், நடுவில் ஃபோமோ பலகையோ கூடாது. ஒட்டுறதுக்கு முன்னாடி சோதனை பண்ணுங்க. மெல்லிசான பிளாஸ்டிக் பையில் தண்ணி ஊத்தி, டிரான்ஸ்டியூசரை அதுக்குள்ள போட்டு, பை அடியில் படியுற மாதிரி வைங்க. பைக்கும் ஹல்லுக்கும் நடுவிலும் தண்ணி இருக்கணும். ஆழம் தெரிஞ்ச இடத்தில் ஓட்டிப் பாத்து, வெளியே தொங்கவிட்ட அளவோட ஒப்பிடுங்க. ஆழம் ஒத்து வந்தா அந்த இடம் ஓகே.

அப்புறம் அந்த இடத்தை 80-ம் நம்பர் உப்புத்தாளில் தேய்ச்சு, துடைச்சு, மெதுவா இறுகுற திரவ எபாக்சி ஊத்தி, தலையை அழுத்தித் திருகித் திருகி குமிழியை வெளியேத்துங்க. ஒரு குமிழி நின்னாலும் சத்தம் அங்கேயே திரும்பிடும். சிலிக்கான் சத்தத்தை விழுங்கும், எம்-சீல் மாதிரி பிசைஞ்ச புட்டியில் காத்து இருக்கும். ரெண்டும் வேண்டாம். 24 மணி நேரம் தொடாதீங்க.

உள்ளே வெச்சா உணர்திறன் கொஞ்சம் குறையும், வெப்பநிலை காட்டுறது படகின் அடி வெப்பநிலையா இருக்கும். 455, 800 கிலோ ஹெர்ட்ஸில் படம் காட்டுற ஸ்கேன் வகைத் தலைக்கு இந்த வழி ஒத்து வராது. 50, 200 கிலோ ஹெர்ட்ஸ் தலைக்குத்தான்.

#13 கச்சான்_மன்னார்

எங்கடது 200. அடியில நடுவில மட்டும் பலகை போட்டிருக்கு, பின்பக்கம் வெறும் ஃபைபர்தான். பை வச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன். நன்றி அண்ணா.

#14 துளி

#1-ல் கேட்ட காலருக்கு யாரும் பதில் சொல்லலை.

காலர் சுத்தாததுக்குக் காரணம் மரைக்குள்ள காய்ஞ்ச உப்பு. பவரை அணைச்சு, பேட்டரி ஃப்யூஸையும் கழட்டிடுங்க. வெதுவெதுப்பான நல்ல தண்ணியில் துணியை நனைச்சு காலரைச் சுத்திக் கட்டி 15 நிமிஷம் விடுங்க. ரெண்டு மூணு தடவை. அப்புறம் ரப்பர் கையுறை போட்டு, முதலில் இறுக்குற பக்கம் ஒரு இழை, பிறகு திறக்கிற பக்கம். கேபிளைப் பிடிச்சுத் திருகினா பின் வளையும், காலரை மட்டும் பிடிங்க. துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிக்காதீங்க, அதில் இருக்கிற கரைப்பான் காலரையும் பெட்டியையும் சேத்து விரிச்சுடும்.

கழண்டதும் நல்ல தண்ணியில் கழுவி, முழுசா காயவிட்டு, ஓ-ரிங்கில் (உள்ளே இருக்கிற ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ். விரலில் எடுத்தா பளபளப்பு தெரியுற அளவு. மரையிலும் மெல்லிசா ஒரு பூச்சு. மாசம் ஒரு தடவை கழட்டி மாட்டினாலே இந்தப் பிரச்சினை வராது.

ஸ்கிரீன் கீறல் போகாது. நீல லிக்விடில் அமோனியா இருந்தா மேல்பூச்சைக் கெடுக்கும், தின்னர் பிளாஸ்டிக்கையே விரிச்சுடும். கீறல் உள்ளே இருக்கிற மாதிரி தெரியுறதே அது விரிசல்ங்கிறதுக்கு அடையாளம். பாலிஷ் போட்டு நேரம் வீணாக்காதீங்க. இனிமேலாவது முதலில் நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கரைங்க, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. உப்போட துடைச்சா அது உப்புத்தாள் போடுற மாதிரிதான்.

#15 ஃபிலமென்ட்

நாப், சன் கவர் எல்லாம் 3டி பிரின்ட் போட்டுக்கலாமே? ஒரு நாபுக்கு அம்பது ரூபாய்கூட ஆகாது.

#16 வெர்னியர்

போடலாம், பி.எல்.ஏ.ங்கிற பிரின்ட் பிளாஸ்டிக்கில் வேண்டாம். அது 60 டிகிரியிலேயே இளகும். வீல் ஹவுஸ் கண்ணாடிக்குப் பின்னாடி கறுப்புப் பாகம் அந்தச் சூட்டைத் தொட்டுடும், பிராக்கெட் தலை குனிஞ்சு நிக்கும். மத்த பிரின்ட் பிளாஸ்டிக்கில் பி.இ.டி.ஜி. சுமார் 80 வரை தாங்கும், ஏ.எஸ்.ஏ. சுமார் 100 வரை. வெயிலுக்கு ஏ.எஸ்.ஏ.தான். ஏ.பி.எஸ்.-ல் இருக்கிற ரப்பர் பங்கைத்தான் வெயில் முதலில் தின்னும், ஏ.எஸ்.ஏ.வில் அந்த ரப்பரை மாத்தி வெச்சிருக்காங்க. லேயர் கோடு இழுவைக்குக் குறுக்கே வராத மாதிரி படுக்க வெச்சு அடிங்க, சுவர் நாலு கோட்டுக்குக் குறையக் கூடாது.

டெக்கில் கட்டுற கேபிள் டை பத்தியும் சொல்லிடுறேன். வெள்ளை டை நிழலுக்கு. வெயிலுக்கு யு.வி. தாங்கும்னு எழுதின கறுப்பு டை. கறுப்பா இருக்கிற எல்லாமே அந்த ரகம் இல்லை.

#17 துளி

கருவி மாட்டுற பேனலை பாலிகார்பனேட் ஷீட்டில் வெட்டுறவங்களுக்கு: 300 மி.மீ. ஷீட் 40 டிகிரி சூடேறினா சுமார் 0.8 மி.மீ. நீளும். பின்னாடி இருக்கிற ஸ்டீல் சட்டம் சுமார் 0.15-லிருந்து 0.2 தான் நீளும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 5 மி.மீ. துளை போடுங்க, கூம்புத் தலை ஸ்க்ரூ வேண்டாம், அதுவும் ஆப்புதான். தட்டைத் தலை, கீழே வாஷர்.

பெட்டியைத் திறந்து மூடும்போது பழைய ஸ்க்ரூவை நேரா முறுக்காதீங்க. முதலில் திறக்கிற பக்கமா மெதுவா சுத்துங்க. “டக்”னு ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். ஸ்க்ரூ பழைய மரையில் விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அங்கிருந்து முறுக்குங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டும், மூணாவது தடவை பிடிப்பே இருக்காது.

பெட்டியின் பின்னாடி ஊசித் துளை மாதிரி, சில சமயம் வட்டமா ஒரு மூடி மாதிரி இருக்கும். அது காத்து போய் வர்ற வழி. தண்ணி போகுதுன்னு அதில் சிலிக்கான் அப்பிடாதீங்க. வெயிலில் சூடான பெட்டி மேல் அலை அடிச்சா உள்காத்து சட்டுனு சுருங்கும். வழி இல்லைன்னா பட்டன் ஓரமா தண்ணியை உறிஞ்சும். மறுநாள் ஸ்கிரீனுக்குள்ள பனி.

#18 சோளகம்

அளந்தாச்சு. எம்.டி.ஏ. வெளி விட்டம் 26.4. முக்கால் பி.எஸ்.பி.யேதான்.

நாபின் உள்பக்கம் பி.சி.-ன்னு எழுத்து இருக்கு. காலர் நாலு தடவை துணி கட்டினதில் கழண்டுடுச்சு, உள்ளே ரெண்டு பின்னில் பச்சை. பிளாஸ்டிக் ஹவுஸிங்கைத் திருப்பிக் கொடுத்தாச்சு.

பிளந்த ஆன்டெனா அடியை ஒட்ட முடியுமா? ஃபெவிக்விக் இருக்கு.

#19 வெர்னியர்

ஃபெவிக்விக் வேண்டாம், அதன் புகையே ஓரத்தை வெள்ளையாக்கி இன்னும் விரிக்கும். அடி ஏ.பி.எஸ்.னா தற்காலிகமா இப்படிச் செய்யலாம்: விரிசல் முடியுற நுனியில் 2 மி.மீ. துளை, அதுக்கு மேல ஓடாது. விரிசலை வி வடிவத்தில் கீறி, ஏ.பி.எஸ். துண்டை அசிட்டோனில் கரைச்ச கூழை நிரப்பி ரெண்டு நாள் காயவிடுங்க. வெளியே எஸ்.எஸ். ஹோஸ் கிளிப் ஒண்ணு, கீழே ரப்பர் பட்டை சுத்தி, லேசா. பாலிகார்பனேட்னா கூழ் வேலைக்கு ஆகாது, மேலும் விரிக்கும். எது செஞ்சாலும் முதலில் ஆன்டெனாவைக் குலுக்கிப் பாருங்க. உள்ளே தண்ணி சத்தம் கேட்டா ஒட்டி பிரயோஜனம் இல்லை.

#20 துளி

பச்சைப் பின்னுக்கு: வினிகரில் நனைச்ச காது பஞ்சு, ஒரு நிமிஷம், உடனே நல்ல தண்ணி, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். உப்புத்தாள் போட்டா முலாம் போயிடும், அடுத்த மாசம் திரும்பப் பச்சை பூக்கும்.

#21 சோளகம்

குலுக்கினேன். சத்தம் கேக்குது. புதுசுதான். மவுண்ட்டுக்கு லேத்துல சொல்லியாச்சு: 25.4, இஞ்சுக்கு 14, 60 டிகிரி.

#22 வெர்னியர்

மரை நீளம் 20 மி.மீ. போதும்னு சொல்லுங்க. புது ஆன்டெனாவையே லேத்துக்குக் கொண்டு போய், அங்கேயே கையால் ஏத்திப் பாத்து வாங்குங்க. முதல் சுத்தில் பிடிச்சா திருப்பி அனுப்புங்க.